முன்னால் அவர், பின்னால் என் குரல்

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தனார் காலமான பிறகு அவருடைய இரண்டு பெண்களும் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார்கள். எது யார் பெற்றது என்று கிடர்பூர்க் குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து பேருக்கும் கல்கத்தா தெருவில் நடக்கப் பழக்கியவள் நான். ஒருவர்கூட வண்டியில் அடிபட்டதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன வாரம் குழாயடிச் சண்டையோடு எழுதுவதை நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் தெருவுக்கு வந்துவிடுகிறேன். வீட்டுக்குள் நடந்ததைவிடத் தெருவில் நடந்ததுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

துர்கா பூஜை முடிந்து, தெருவில் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. என் வீட்டுக்காரர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாங்கள் டாக்குரியாவில் ஒரு மாடி வீட்டுக்குக் குடி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாலை வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பாதிக்கு இறங்கியிருந்தது. நான் குளியலறையில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிப்போய்ச் சில நாளாகவே எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நாளெல்லாம் அவரும் வெளியே போகாமல் வீட்டோடு இருந்தார்.

வாசல் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

பால்கனிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், கீழே இரும்புக் கேட்டைத் தாண்டி அவர் தெருவில் இறங்கிவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் நீளக் குடை. தலையை நிமிர்த்திக்கொண்டு, கண் நன்றாகத் தெரிகிறவரைப் போல நடக்க ஆரம்பித்தார்.

அவருக்குக் கண் தெரியாது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரியும்.

"ஏனுங்க!" என்று கூப்பிட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

சந்து நெடுகப் பந்தல் மூங்கில் பிடுங்கிய குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. சந்து முடிந்தால் பஸ் போகிற பெரிய சாலை. அதைத் தாண்டித்தான் அவர் தினமும் போய் உட்காருகிற ஏரிக்கரை. நான் இறங்கி ஓடிக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால், கையைப் பிடித்தால் அன்றோடு அவர் வெளியே போவதையே விட்டுவிடுவார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

ஏன் அப்படி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தோளைத் திருப்பு, காலை நிறுத்தாதே

எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் புருஷன் முன்னால் நடப்பார், பெண்சாதி ஓரிரு எட்டுப் பின்னால் நடப்பாள். கோயிலுக்கானாலும் சந்தைக்கானாலும் அப்படித்தான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஹௌரா ஸ்டேஷனில் இறங்கியபோதும் அப்படியே நடந்தேன். அந்தக் கூட்டத்தை நான் அதற்கு முன்னால் தேர்த் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. முன்னால் போகிறவரின் பின்கழுத்திலிருந்து கண்ணை எடுத்தால் தொலைந்தேன். அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஊருக்குள் நுழைந்தேன்.

கிடர்பூரில் அவருக்குக் கப்பல் சரக்கு வைக்கும் கொட்டகையில் வேலை. வீட்டுக்கு வெளியே வந்தால் கைவண்டி, லாரி, மூட்டை தூக்குகிறவர்கள். "பச்கே! பச்கே!" என்று கத்திக்கொண்டு வருவார்கள். ஒதுங்கு என்று அர்த்தம். நான் சத்தம் கேட்டவுடன் கல்லாக நின்றுவிடுவேன். நின்றால் வண்டிக்காரன் திட்டுவான். நிறுத்தினால் அவனால் மறுபடி இழுக்க முடியாதே!

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்தான் கையை ஆட்டிக் காட்டிப் புரிய வைத்தாள். இந்த ஊரில் தோளைத் திருப்ப வேண்டும், காலை நிறுத்தக் கூடாது. எதிரே வருகிறவரும் தோளைத் திருப்புவார். இரண்டு பேரும் உரசாமல் போய்விடலாம். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்குக் கல்கத்தாவில் பயமே இல்லை.

பஸ்ஸில் நான் இறங்கும்போது கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே லேடீஸ்! கோலே பாச்சா!" என்று கூவுவான். மெதுவா நிறுத்து, பொம்பளை இறங்குது, இடுப்பில குழந்தை என்று சொல்கிறானாம். என் இடுப்பில் குழந்தையும் இல்லை, கூடையும் இல்லை. அப்படிச் சொன்னால்தான் டிரைவர் நிறுத்துவான் என்பதற்காக எல்லாப் பெண்களுக்கும் ஒரு குழந்தையைக் கொடுத்துவிடுவார்கள்.

பால்கனியில் இருந்து

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் மற்றவர்கள் பேப்பர் படிக்கிற நேரத்தில் நான் தெருவைப் பார்ப்பேன்.

தெருவில் ஒருத்தன் குழி தோண்டினால் இந்த ஊரில் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். குழிக்குள் ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஆழம் போதுமா என்று அபிப்பிராயம் சொல்லாமல் போகமாட்டார்கள். இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் நடந்து போகிறவர்களே நீதிபதிகள். தீர்ப்பு முடிந்ததும் வாதி, பிரதிவாதி, ஜட்ஜு எல்லாரும் ஒரே டீக்கடைக்குப் போவார்கள்.

கூட்டத்தில் ஒருவர் கால் இன்னொருவர் மேல் பட்டுவிட்டால், பட்டவரைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வார். அவசரமாக ஓடுகிறவரும் இதற்கு மட்டும் நின்றுவிட்டுத்தான் ஓடுவார்.

மழைக்காலத்தில் பார்க்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக வரிசையாகப் போவார்கள். முதலில் போகிறவர் காலால் துழாவி, "இங்கே சாக்கடை திறந்திருக்கு" என்பார். அது வாய் வாயாகக் கடைசி ஆள் வரைக்கும் போகும். முன்பின் தெரியாதவர்கள். தண்ணீர் வடிந்தால் ஒருவருக்கு ஒருவர் அடையாளம்கூடத் தெரியாது.

இப்போது எல்லாரும் காதில் போனை வைத்துக்கொண்டு தனியாகப் பேசியபடி நடக்கிறார்கள். முதன்முதலில் அப்படி ஒருவரைப் பார்த்தபோது, நல்ல இடத்துப் பையன், பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அதை விடுங்கள். எங்கேயோ போய்விட்டேன்.

ஓரத்திலிருந்து வந்த இருட்டு

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். அது ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிற நோய். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருகிறவர் தெரியமாட்டார். எங்களுக்கு அது புரிவதற்குள் அவர் தெருவில் பலபேர் மேல் மோதியிருந்தார்.

"தேக்கே சோலுன், தாதா!" என்பார்கள். பார்த்து நடங்க அண்ணா என்று அர்த்தம். கிரேனுக்கும் லாரிக்கும் நடுவில் வாழ்நாளெல்லாம் நடந்த மனிதர் அவர்.

ஒருநாள் நடைபாதையில் ஒரு பெண்ணின் தோளில் இடித்துவிட்டார். ஆபீஸ் போகிற பெண். அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கூட்டத்தில் யாரோ, இந்த வயசில் இந்தப் புத்தி என்று வங்காளியில் சொன்னார்கள். அவருக்கு நன்றாக வங்காளி தெரியும். அன்று ராத்திரி தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

நடுவில் மிச்சமிருந்த வெளிச்சமும் சுருங்கியது. எங்கள் பெரியவன், அலிப்பூரில் பேங்கில் வேலை பார்க்கிறவன், ஒரு வெள்ளைக் கோலை வாங்கி வந்தான்.

"அப்பா, இதைப் புடிச்சுக்கிட்டா ஜனங்க தானா வெலகிருவாங்க."

"வெலகறதுக்கு நான் என்ன ஆம்புலன்ஸா?"

"அப்ப அம்மா கையைப் புடிச்சுக்கிட்டுப் போங்க. இல்லாட்டி வீட்டோட இருங்க. விழுந்து இடுப்பை ஒடச்சுக்கிட்டா யாரு பாக்கறது?"

அவர் ஈசிச்சேரில் இருந்து எழுந்து நின்றார். "இதைக் கேட்டுக்க. உங்கம்மா என் கையைப் புடிச்சு ரோட்டுல கூட்டிக்கிட்டுப் போற அன்னிக்கு நான் வெளிய போறது அதோட சரி. பொறவு எனக்கு இந்தச் சேருதான். ஏரியுமில்ல, பெஞ்சுமில்ல."

பெரியவன் என்னைப் பார்த்தான்.

"நீ ஆபீஸுக்குப் போ சாமி. நாம் பாத்துக்கறேன்" என்றேன்.

ஏரிக்கரை பெஞ்சு அவருக்கு உயிர். துறைமுகத்தில் கூட வேலை பார்த்த நாலைந்து பேர் அங்கே வந்து உட்காருவார்கள். அரசியல், கால்பந்து, யாருக்குச் சர்க்கரை ஏறியது எல்லாம் பேசுவார்கள். அங்கே போய்விட்டு வந்தால் பசியோடு வருவார், சிரிப்போடு வருவார். போகாத நாளில் மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கொஞ்சம் மங்கல் என்று மட்டும் நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

வெளியே போவது நின்றால் இந்த மனிதர் நிலைக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

திட்டுகிறவள் என்று பேர்

மறுநாள் மாலை அவர் முன்னால் நடந்தார். நான் எப்போதும் போலப் பின்னால் நடந்தேன். ஆனால் வாயை மூடாமல் நடந்தேன்.

"மேடுங்க. பெரியவன் இன்னிக்குச் சோத்து டப்பாவை மறந்து வெச்சுட்டுப் போயிட்டான்."

"ம்."

"வலப்பக்கமா வாங்க. தக்காளி வெல ஏறிப்போச்சுங்க. நில்லுங்க, சைக்கிளு. ம், போலாமுங்க. பள்ளமுங்க."

குடை நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். மழை வெயில் பார்க்காமல் எல்லா வங்காளிப் பெரியவர்களும் குடையோடுதான் நடப்பார்கள், யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது? பார்க்கிறவர்களுக்கு, ஒரு மதராஸிக் கிழவர் மிடுக்காக முன்னால் போகிறார், அவர் பெண்சாதி பின்னால் தொணதொணத்துக்கொண்டு வருகிறாள். அவ்வளவுதான். அந்தச் சந்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எங்களுக்குத் தமிழே ஒரு திரைச்சீலையாக இருந்தது.

ஒருநாள் என் அண்ணன் பெண்சாதி செய்த காரியத்தைச் சொல்லிக்கொண்டே வந்ததில் படியைச் சொல்ல மறந்துவிட்டேன். தடுக்கிச் சமாளித்தார். திரும்பாமலே சொன்னார், "உங்கண்ணன் பொண்டாட்டியை ஊட்டுக்குப் போயித் திட்டிக்கலாம். இப்ப ரோட்டைச் சொல்லு."

சந்து முனைக்குக் கொஞ்சம் முன்னால் மாலதி என்று ஒரு மீன்காரி. அரிவாள்மணையை நீட்டிக்கொண்டு பாதித் தெருவை அடைத்து உட்காருவாள். மீன் கழுவிய தண்ணீரை நடக்கிற வழியில் ஊற்றுவாள். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அவள்தான் ஒருநாள் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள்.

"ஏன் மாஷிமா, மேஷோமஷாயை இந்தத் திட்டு திட்டறீங்க? அந்த மனுஷன் 'ம்'முக்கு மேல ஒண்ணும் பேசறதில்ல. எங்க வீட்டுக்காரனா இருந்தா எப்பவோ ஓடியிருப்பான்."

மாஷிமா என்றால் அம்மாவின் தங்கை, மேஷோமஷாய் என்றால் அவள் புருஷன். இங்கே வயதான எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"உனக்கென்ன, மீனைப் பாத்து வெட்டு" என்று வங்காளியில் சொல்லிவிட்டு நடந்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். திட்டுகிறவள் என்று பேர் வந்தால் வரட்டும். கண் தெரியாதவரைக் கூட்டிப் போகிறவள் என்று யாரும் சொல்லவில்லையே.

அன்று மாலை

தலைமுடியை அள்ளி முடியக்கூட நேரமில்லாமல் படி இறங்கினேன். கழுத்தெல்லாம் தைலம். நான் கேட்டைத் தாண்டும்போது அவர் டீக்கடையை நெருங்கிக்கொண்டிருந்தார்.

ஓட்டமும் நடையுமாகப் போய், கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்குச் சற்றுப் பின்னாலேயே நடந்தேன். குரல் இல்லாமல் இன்னும் கிட்டப் போய் என்ன செய்ய? கையைத்தான் பிடிக்க வேண்டும்.

டீக்கடை நிதாயின் பெஞ்சு தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர் உட்கார்ந்து கால்பந்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வருவதைப் பார்த்ததும் இருவரும் எழுந்தார்கள். ஒரு கையில் மண்குவளை, மறு கையில் பெஞ்சின் நுனி. தூக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். பேச்சு நிற்கவே இல்லை. அவர் கடந்து போனதும் பெஞ்சைப் பழையபடி போட்டு உட்கார்ந்து, அந்த கோல் கோலே இல்லை என்று தொடர்ந்தார்கள்.

நிதாய் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, திருடிவிட்டு அகப்பட்டவன் போலக் கெட்டிலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் போகிறோம், வருகிறோம், அந்தப் பெஞ்சு ஒருநாளும் எங்கள் வழியில் இருந்ததில்லை. சாயங்காலம் உள்ளே எடுத்துப் போட்டுவிடுவான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டாக்ஸி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. என் கை தானாக நீண்டது.

"நில்லுங்கோ!"

நான் சொல்லவில்லை. ரிக்‌ஷாக்காரர் சொன்னார். பீகாரில் இருந்து வந்தவர், வயதானவர். ரிக்‌ஷா மேல் சாய்ந்தபடி, பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

அவர் நின்றார். டாக்ஸி திரும்பியது.

"போலாமுங்கோ!"

அவர் நடந்தார்.

அது என் சொல். என் ஊர்ச் சொல். எங்கள் அம்மா பேசிய இழுப்பு அந்த மனிதர் வாயில் இருந்து வருகிறது.

அடுத்தது மாலதி. அவளுக்கு முன்னால் நட்டநடு வழியில் பெரிய மூங்கில் குழி. அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கை பாட்டுக்கு மீனை வெட்டிக்கொண்டிருந்தது.

"பொள்ளமுங்கோ! பொள்ளம்!" என்றாள். கொஞ்சம் விட்டு, நான் சொல்லுகிற அதே ராகத்தில், வங்காளியில் சேர்த்துக்கொண்டாள், "இலிஷ் மீன் வெலை ஏறிப்போச்சு."

"ம்" என்றார் அவர்.

குடையால் குழியின் ஓரத்தைத் தடவி, சுற்றிக்கொண்டு போனார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைக்கவில்லை. திரைக்கு உள்ளே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சந்து முழுக்க உள்ளே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பெஞ்சை நகர்த்தி, வண்டியை நிறுத்தி, என் முகத்துக்கு நேரே திட்டுகிறவள் என்று கேலியும் பேசி, ஒருவர்கூட வாய் விட்டுச் சொல்லவில்லை.

மாலதி இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தொண்டை இன்னும் சரியாகலையா மாஷிமா? சந்தே வெறிச்சுன்னு கிடக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

"நிக்காதீங்க, போங்க. பெரிய ரோட்டுல சொல்றதுக்கு எங்க ஆள் யாருமில்ல."

பெரிய சாலை

ஆபீஸ் விடுகிற நேரம். நடைபாதையின் விளிம்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். முன்னும் பின்னும் ஜனங்கள். அவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

இந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது எல்லாரும் ஒன்றாகப் போவதில்லை. ஒருவர் ஓடுவார். ஒருவர் பஸ்ஸுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டிவிட்டு நிதானமாக நடப்பார். ஒருவர் பாதியில் நின்றுவிடுவார். காலடிச் சத்தத்தை நம்பி இறங்கினால் அவ்வளவுதான்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு காலைக் கீழே வைத்தார். பஸ் ஒன்று உரசுகிறாற்போல் போனது. காலை எடுத்துக்கொண்டார்.

"ஏகோன் தாதா, ஏகோன்!" முன்னால் போங்க, போங்க என்று பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். ஒரு பை அவர் முதுகில் இடித்தது. அவர் மறுபடி காலை இறக்கினார்.

நான் அவருக்கு நேர் பின்னால் வந்துவிட்டேன். என் கை அவர் முழங்கைக்கு அருகில் நின்றது. தொட்டால் நாளையிலிருந்து ஈசிச்சேர். தொடாவிட்டால் பஸ். அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அவர் திரும்பவில்லை.

"தைலம் ரோடு பூரா மணக்குது" என்றார். "எந்நேரமாப் பின்னால நிக்கறே?"

நான் எப்படிப் பதில் சொல்ல?

"சந்துல எல்லாருஞ் சொல்லீட்டாங்க. இங்க ஒருத்தருஞ் சொல்ல மாட்டேங்கறாங்க."

குடையை இடது கைக்கு மாற்றினார். வலது கையைப் பின்பக்கமாக நீட்டினார். குளித்துவிட்டுத் துண்டு கேட்பாரே, அதே மாதிரி.

"குடு."

நான் சுற்றிலும் பார்த்தேன். கல்யாணமான நாள் முதல் தெருவில் அவர் விரல் நுனியைத் தொட்டதில்லை.

"குடுங்கறேனில்ல. பஸ்ஸு நிக்குதா இல்லியா?"

கொடுத்தேன். ஒரு எட்டு முன்னால் வைத்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். இன்னொரு கையை நீட்டிப் பஸ்ஸுக்கு உள்ளங்கையைக் காட்டினேன். அத்தனை பெரிய பஸ் நின்றது. இழுத்தால் நட, அழுத்தினால் நில் என்று கையே பேசிக்கொண்டது. கடந்துவிட்டோம்.

அந்தப் பக்கம் போன பிறகும் அவர் விடவில்லை. ஏரிக்கரையில் அவருடைய நண்பர்கள் எங்களைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு தேர்தலைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தது, அப்படியே போனது.

திரும்பி வரும்போது கேட்டார், "மீன்காரி சொன்னதைக் கேட்டியா? நீ சொல்றதைவிட நேரத்துக்குச் சொல்றா."

அவர் கையை நறுக்கென்று கிள்ளினேன்.

"அவங்களுக்குத் தெரியும்னு எனக்கு முந்தியே தெரியும்" என்றார். "உனக்குத் தெரிஞ்சா நீ மனசு ஒடிஞ்சு போயிருவேன்னுதான் சொல்லல."

மறுநாளும் அவர் வெளியே போனார். அதற்கு மறுநாளும் போனார். போகிற காலம் வருகிற வரைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார். என் தொண்டையும் சரியானது. ஆனால் நான் பிறகு பின்னால் நடக்கவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். சாலையின் நடுவில் நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

பாதி சாலையில், பஸ்களுக்கு நடுவில், நான் பக்கத்தில் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். நடந்துகொண்டிருக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பின்னால் வருகிறவளுக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்த தலையும் விறைத்த தோளும்தான் நான் கண்டது. அவருக்குப் பயமே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவம் இரண்டும் மேலே ஏறியிருந்தது. கேள்வி கேட்கப்போகிற வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற குழந்தையின் முகம் அது. முன்னால் நடந்த அத்தனை மாலையும் அவர் அந்த முகத்தோடுதான் நடந்திருக்க வேண்டும். எனக்குக் காட்டாமல் ஏரி வரைக்கும் கொண்டுபோய், அங்கே சிரித்த முகமாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் பிடியை இறுக்கினேன். நில் என்று நினைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நடுச்சாலையில், ஹாரன் சத்தத்தில், ஒரு நொடி நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். பிறகு இழுத்தேன்.

இவ்வளவுதான் இந்த வாரம். பெரியவனின் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வங்காளிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"எங்கே, வா அம்மிணி. மொதல்ல இருந்து ஒருக்காப் படி. அவசரமில்ல கண்ணு, நடக்கற வேகத்துல படி."